பழகிப்போச்சு என்று சொன்ன வாய்

விழுப்புரம்
1938 ஆகஸ்டு 14

அன்புள்ள மகன் சின்னதுரைக்கு அப்பா சவுரிராயன் எழுதுவது. ஆண்டவர் தயவால் நானும் உன் அம்மாவும் நடமாடிக்கொண்டிருக்கிறோம், பம்பாய் மழையில் நீ காய்ச்சல் கீய்ச்சல் இல்லாமல் இருக்க ஜெபிக்கிறோம். உன் தங்கை செண்பகமும் சுகம் என்று எழுத வந்தேன், கை ஓடவில்லை. அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

போன மாதம் நீ ஒரு விஷயம் கேட்டு எழுதியிருந்தாய். உங்கள் சத்தக் கமிட்டி டாக்டரோடு தெருத்தெருவாகப் போய், டிராம், மோட்டார் ஹாரன், ஒலிபெருக்கி எல்லாச் சத்தத்தையும் முள் ஆடுகிற அந்தப் பெட்டியில் அளந்து எழுதுகிறாய். பங்களாத் தெருக் கணக்கையும் ஆஸ்பத்திரி வாசல் கணக்கையும் வாங்கிக்கொண்ட டாக்டர், பஞ்சாலைச் சந்தில் நீ அளந்ததை மட்டும் அடித்துவிட்டார், அங்கிருந்து ஒரு புகாரும் வரவில்லையே என்றார். அதையும் கமிட்டிக் கூட்டத்தில் கொடுத்துவிடட்டுமா, வேலை போனாலும் போகும், என்ன சொல்கிறீர்கள் என்று கேட்டாய். கேட்டதை மட்டும் கொடு, கேட்காததற்கு வாய் திறக்காதே, நம்மைப் போன்றவனை நாற்காலி ஆபீசுக்குள் விட்டதே பெரிது என்று பதில் போட்டேன். அதை எழுதியபோது எனக்குக் கொஞ்சமும் கூசவில்லை. இப்போது கூசுகிறது.

போன ஞாயிறு பூசை முடிந்து வரும்போது செண்பகம் கிணற்றடியில் குடம் தேய்த்துக்கொண்டிருந்தாள். பின்னாலிருந்து கூப்பிட்டேன், திரும்பவில்லை. உரக்கக் கூப்பிட்டேன், அப்போதும் இல்லை. பக்கத்து வீட்டு வீரம்மாள், "மில்லு சம்பளம் வாங்கிக்கினு வர்றவளுக்கு அப்பன் கொரலு காதுல எங்க ஏறும், மாமா" என்று சொல்ல, தண்ணீர் எடுக்க வந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு ரோஷம் வந்துவிட்டது, போய் முதுகில் ஓங்கி அறைந்தேன். குடம் உருண்டு போயிற்று. அவள் திரும்பி என் வாயையே பார்த்து, "எப்பப்பா கூப்ட்ட, கூப்ட்டா வரமாட்டனா" என்றாள். அதற்கப்புறம் யாரும் சிரிக்கவில்லை. சோறு போதுமா என்று கேட்டாலும் இன்னும் வேண்டுமா என்று கேட்டாலும் தலையாட்டிவிட்டுச் சும்மா இருப்பாள், திமிர் என்று உன் அம்மாவும் நானும் எத்தனை நாள் திட்டியிருப்போம்.

மறுநாள் ரயிலேறித் திண்டிவனத்தில் ஒரு டாக்டரிடம் காட்டினேன். அவர் தன் கைக்கடிகாரத்தைக் கழற்றி அவள் காதருகே பிடித்தார், கேட்குதாம்மா என்று கேட்டார். அவள் டாக்டர் முகத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், எனக்குச் சந்தோஷமாக இருக்கட்டும் என்று கேட்குது என்றாள். கடிகாரத்தை அவர் எப்போதோ சட்டைப்பைக்குள் போட்டுவிட்டிருந்தார். இதற்கு மருந்து இல்லை, மிஷின் பக்கம் இனி அனுப்பாதே என்றார்.

நான் வேலை பார்க்கிற மில்லிலேயே, மல்லாட்டைத் தோடு உடைத்துக் கடலை எடுக்கிற மிஷினுக்குப் பக்கத்தில் அவளைக் கொண்டுபோய் நிறுத்தியவன் நான்தான். கண்டவன் கழனியில் குனிவதைவிட இது மேல் என்று நினைத்தேன். அதோடு விடவில்லை. சித்திரையில் மில்லைப் பார்க்க ஒரு இன்ஸ்பெக்டர் வந்தார். முதலாளி கோதண்டபாணி ஒரு மிஷினை மட்டும் ஓடவிட்டு, மற்றதை நிறுத்தச் சொன்னார், எண்ணெய் போடுகிற நானே நிறுத்தினேன். ஆபீசு அறையில் காப்பி குடித்துவிட்டு வந்த இன்ஸ்பெக்டர், "ஏம்பா, சத்தம் தொந்தரவா இருக்குதா" என்று கேட்டார். முதலாளி நின்றுகொண்டிருந்தார். "பழகிப்போச்சுங்க ஐயா" என்றேன். தொழிலாளிகளுக்கு ஆட்சேபம் இல்லை என்று எழுதிக்கொண்டு அவர் போய்விட்டார். அவர் வண்டி தெரு முனை தாண்டுமுன் எல்லா மிஷினும் ஓடின, செண்பகம் அதன் பக்கத்தில் நின்றாள்.

நம் சேரியில் ஒரு சாவுக்குப் பறை அடித்தால் ஊர்த்தெருவில் தூக்கம் கெடுகிறது என்று ஆள் அனுப்பி அதட்டுகிறார்கள். மில் விடியுமுன்னே தொடங்கி ராத்திரி வரைக்கும் அடித்தால் எவன் தூக்கமும் கெடவில்லை, ஏனென்றால் மில் நம் வீட்டுப் பக்கம் இருக்கிறது, அவர்கள் வீட்டுப் பக்கம் இல்லை. உன் டாக்டருக்கு அந்தச் சந்திலிருந்து புகார் வரவில்லையாம். எப்படி வரும். அங்கேயும் ஒரு சவுரிராயன் முதலாளி முன்னால் நின்று பழகிப்போச்சு என்று சொல்லியிருப்பான். ஆளைக் கேட்டால் அப்படித்தான் சொல்வான். உன் பெட்டியில் ஆடுகிற முள்ளுக்கு முதலாளி கிடையாது.

அதனால் அந்தக் கணக்கைக் கொடுத்துவிடு. என் பாவத்தை உன் தலையில் இறக்குகிறேனோ என்று பயமாகவும் இருக்கிறது, அதனால் நானும் சும்மா இருக்கவில்லை. செண்பகத்தை மில்லிலிருந்து நிறுத்திவிட்டேன். நான் சொன்னது பொய், அன்றைக்கு மிஷினை நிறுத்தியதும் நான்தான் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு இன்ஸ்பெக்டருக்குத் தபாலில் அனுப்பிவிட்டேன். முதலாளிக்குத் தெரிந்தால் என்னையும் வெளியே போ என்பார். உன் வேலை போனால் இங்கே வா, கேப்பைக் கூழாவது இருக்கும். உன் அம்மா அழுகிறாள், ஆனால் எழுதாதே என்று சொல்லவில்லை.

மாதா உன்னைக் காக்கட்டும், நீ எடுத்த காரியத்தில் உன் கால் தடுக்காமல் இருக்கட்டும். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. ஊருக்கு வரும்போது தங்கச்சியைப் பின்னாலிருந்து கூப்பிடாதே, எதிரே வந்து வெளிச்சத்தில் நின்று முகம் தெரியப் பேசு. நானும் இப்போது அப்படித்தான் பேசுகிறேன். ஆனால் நான் எதிரே வந்து நின்றால், வாயைப் பார்ப்பதற்கு முன்னால் அவள் என் கையைப் பார்க்கிறாள்.

இப்படிக்கு,
உன் அப்பா
ச. சவுரிராயன்