எதிர்வீட்டில் வைத்த பை

அன்புள்ள அக்காவுக்கு, பஸ் சத்தம் கேட்டாலே பயந்து ஒதுங்கும் உன் தங்கை ராஜி எழுதுகிறேன்.

நாளைக் காலை நான் நாக்பூருக்குக் கிளம்பவேண்டும். தனியாக. இதை எழுதும்போதே உள்ளங்கை ஈரமாகிப் பேனா வழுக்குகிறது. நீ இருந்தால், "நாக்பூர் இன்னா நிலாவுலயா இருக்குது?" என்று கேட்டிருப்பாய். ஐப்பசியில் நீ கண்ணை மூடியதிலிருந்து அப்படிக் கேட்க இந்த வீட்டில் ஆள் இல்லை.

கலாவுக்கு இது எட்டாம் மாதம். ரத்த அழுத்தம் ஜாஸ்தியாக இருக்கிறது, படுக்கையைவிட்டு எழக்கூடாது என்று அங்குள்ள டாக்டர் சொல்லிவிட்டாராம். மாப்பிள்ளை வேலைக்குப் போய்விட்டால் அவளுக்கு ஒரு வாய் தண்ணீர் கொடுக்க ஆள் கிடையாது. பாஷை தெரியாத ஊர். இவருக்கோ காலில் சர்க்கரைப் புண், வாசல் தாண்ட முடியாது. நாத்தனார் வந்து பார்த்துக்கொள்கிறாள்.

உன் மடியில் வளர்ந்தவள் அல்லவா கலா? "பெரியம்மா இருந்திருந்தா இந்நேரம் வந்திருப்பாங்க" என்று எழுதியிருக்கிறாள். "அம்மா, நீ வா" என்று எழுதவில்லை. அவளுக்கு என்னைத் தெரியும். அந்த வரியைப் படித்துவிட்டு நான் அழுத அழுகை உனக்குத்தான் கேட்டிருக்கும்.

போன வாரமே போயிருக்கவேண்டியது. பஸ் ஸ்டாண்டுவரை போனேன். மெட்ராஸ் பஸ் நின்றிருந்தது. "ஏறும்மா, சீட்டு காலியாத்தான் இருக்குது" என்றார் கண்டக்டர். படியில் வைத்த ஒரு காலையும் கீழே இறக்கிவிட்டேன். "இல்லப்பா, அடுத்த பஸ்ஸுல வரேன்" என்று ஒரு பொய்யைச் சொல்லிவிட்டுப் பையோடு வீட்டுக்கே திரும்பிவிட்டேன். இவர் பையை வாங்கி உள்ளே வைத்தார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

எதற்கு இத்தனை பயம்? மெட்ராஸில் வேறு ரயிலில் ஏறிவிடுவேனோ என்று பயம். தண்ணீர் பிடிக்க இறங்கும்போது வண்டி எடுத்துவிடுவானோ என்று பயம். நான் போய்ச் சேர்வதற்குள் கலாவுக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்ற பயத்தை எழுதவே கை வரவில்லை. பயந்தால் எனக்குப் பசி வேறு வந்துவிடும். இப்போதும் வெறும் பொரியை மென்றுகொண்டுதான் எழுதுகிறேன்.

இவரை மெட்ராஸ் ஆஸ்பத்திரியில் குடல்வால் ஆபரேஷனுக்குச் சேர்த்திருக்கிறார்கள் என்று தந்தி வந்ததே, அந்த நாள் உனக்கு ஞாபகம் இருக்கிறதா? பஸ் நேரம் ராகு காலத்தில் விழுந்தது. அதனால் முன்கூட்டியே நல்ல நேரம் பார்த்து, நம் பையை எதிர்வீட்டு சரோஜா வீட்டில் கொண்டுபோய்ப் பரஸ்தானம் வைத்தாய். பை வீட்டைவிட்டுப் போய்விட்டால் பயணம் தொடங்கியாயிற்று என்று கணக்கு. அப்புறம் எந்த நேரத்தில் கிளம்பினாலும் குற்றமில்லை. நாம் கிளம்பி வெளியே வந்தால், சரோஜா பையை மறந்து வீட்டைப் பூட்டிக்கொண்டு வேட்டவலத்தில் கல்யாணத்துக்குப் போயிருக்கிறாள்.

நம் புடவை, கட்டிவைத்த புளிச்சோறு எல்லாம் பூட்டுக்கு உள்ளே. இது சகுனத் தடை, நான் வரமாட்டேன் என்று தெருவிலேயே உட்கார்ந்துவிட்டேன். "இன்னாடி இப்ப ஆயிடுச்சி? பை கிளம்பிடுச்சி, நாமதான் பின்னாடி போறோம். வெறுங்கைக்குத் தூக்குற வேலை கம்மி, எந்திரி" என்று என் கையைப் பிடித்து இழுத்தாய்.

புருஷனை இழந்தவள் எதிரே வரக்கூடாதென்று, தெருவில் யார் ஊருக்குக் கிளம்பினாலும் நீ கொல்லைப்பக்கம் போய் நின்றுகொள்வாய். அன்றைக்கு என்னோடு வாசல் வழியாகவே இறங்கினாய். யாரோ முகத்தைச் சுளித்தார்கள். "கூடவே போறவ எப்படிடி எதிர்ல வருவேன்?" என்று என் காதில் சொன்னாய்.

பஸ்ஸின் பின்கண்ணாடியில் நம்மூர் மலை சிறுத்துக்கொண்டே போனதைப் பார்த்து நான் விசும்பினேன். "மலை எங்கடி போவும்? திரும்பி வரப்ப ஊருக்கு முன்னாடி அதுதான் தெரியும்" என்றாய். செஞ்சிக்கு முன்னால் ஏரி வழிந்து ரோட்டின்மேல் வெள்ளம் ஓடியது. டிரைவர் மெதுவாக உள்ளே விட்டார். தண்ணீர் படிக்கட்டில் ஏறியதும் ஒரு அம்மாள் ஓவென்று அழ ஆரம்பித்தாள். "அழாதம்மா. கால் கழுவத் தண்ணி தேடி வந்திருக்குது, கழுவிக்க" என்றாய். அழுதவளே சிரித்துவிட்டாள். பஸ் கரையேறியதுகூட எனக்குத் தெரியவில்லை.

ஆஸ்பத்திரியில் இவர் முதலில் கேட்டது, "பை எங்க?" என்றுதான். "அது நல்ல நேரத்துலயே கிளம்பிடுச்சி மாப்ள. நாங்கதான் லேட்டு" என்றாய். தையல் பிரிந்துவிடுமோ என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். இன்றைக்கும் அதைச் சொல்லிச் சிரிக்கிறார், அக்கா.

அப்புறம் வேலூர்.

வயிறு வீங்கி, முகம் மஞ்சளாகி, வாடகைக் காரில் உன்னை ஏற்றினோம். ஏறுவதற்குமுன் வீட்டைத் திரும்பிப் பார்த்து "போயிட்டு வரேன்" என்றாய். போளூர் வந்ததும், "நல்ல டீக்கடையா பாத்து நிறுத்துப்பா. அப்புறம் டாக்டரு எல்லாத்தையும் வேணாம்பாரு" என்று டிரைவரிடம் கேட்டு வாங்கிக் குடித்தாய். நானும் குடித்தேன். அந்த நிமிஷம் எனக்குப் பயமே இல்லை. திரும்பி வந்தபோது நீ பேசவில்லை.

அன்றிலிருந்து, நீ வீட்டைப் பார்த்துச் சொன்ன அந்த வார்த்தை எனக்கு வாயில் வருவதில்லை. ரேஷன் கடைக்குப் போனால்கூட ஊமையாகத்தான் வாசலைத் தாண்டுகிறேன். நல்லதையே நினைத்து, நல்ல வார்த்தையே சொல்லிக் கிளம்பியவளுக்கு இதுதான் கதி என்றால், அப்படிக் கிளம்பி என்ன பயன்? கோபமாகத்தான் கேட்கிறேன். உனக்குப் பயம் என்ற ஒன்றே கிடையாதா? இல்லை, வரப்போவது தெரியாமல்தான் சிரித்தாயா?

இன்று மத்தியானம் நல்ல நேரத்தில் என் பையை சரோஜா வீட்டுக்குக் கொண்டுபோனேன். பழக்கத்தை விட மனம் வரவில்லை. முக்காலியை இழுத்துப்போட்டு உட்காரச் சொன்னாள். என் கையைப் பார்த்துவிட்டு, "உங்க அக்கா கை மாதிரியே ஆடுது" என்றாள்.

"எங்க அக்கா கையா?"

"ஆமாங்க. பைய வச்சிட்டு அவங்க உடனே போவமாட்டாங்க. இதே முக்காலியில உக்காந்து நடுங்குவாங்க. தண்ணி குடுத்தா பாதி புடவையிலதான் கொட்டும். மெட்ராஸ் போன அன்னிக்கும் அப்படித்தான்."

"வேலூருக்குப் போன அன்னிக்கு?" என்று கேட்டேன்.

"அன்னிக்கும்தான் வந்தாங்க. 'திரும்பி வருவேன்னு தோணல சரோஜா. நான் ஆடுறத ராஜி பாத்தா அவ கார்லயே ஏறமாட்டா'னு சொன்னாங்க. மூஞ்சி கழுவினாங்க. அதோ, அந்தக் கண்ணாடியில ஒருவாட்டி சிரிச்சிப் பாத்துக்கிட்டு வெளிய போனாங்க. உங்ககிட்ட சொல்லக்கூடாதுன்னாங்க. நீங்க போன வாரம் பஸ் ஸ்டாண்டுல இருந்து திரும்பி வந்தத பாத்தப்புறம் எனக்கு மனசு கேக்கலைங்க."

அந்தக் கண்ணாடி ரசம் போன பழைய கண்ணாடி, அக்கா. அதில் பார்த்தா நீ சிரித்துப் பழகினாய்? எனக்காகவா? உன் மடியில் தலைவைத்து அழவேண்டும்போல இருந்தது. சரோஜா தோளில்தான் சாய்ந்து அழுதேன்.

என் பயம் போய்விட்டது என்று உன்னிடம் பொய் சொல்லமாட்டேன். பொரி தீர்ந்துவிட்டது, கை இன்னும் ஆடுகிறது. ஆனால் பயம் இல்லாதவர்கள்தான் சிரித்துக்கொண்டு கிளம்புவார்கள் என்று இத்தனை வருஷம் நினைத்திருந்தேனே, அது இல்லை என்று தெரிந்துவிட்டது. கூட வருகிறவளுக்காக நீ சிரித்தாய். என் கூட யாரும் வரவில்லை. ஆனால் அந்தக் கோடியில் ஒருத்தி படுத்துக்கொண்டு வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

நாளைக் காலை சரோஜா வீட்டில் முகம் கழுவுவேன். அந்தக் கண்ணாடியைப் பார்ப்பேன். மாப்பிள்ளை கதவைத் திறந்து, கலா படுக்கையிலிருந்து என்னைப் பார்க்கும்போது, அவள் பெரியம்மா வந்திருந்தால் எந்த முகத்தோடு வந்திருப்பாளோ அந்த முகத்தோடு நிற்பேன். இது நான் உனக்குக் கொடுக்கும் வாக்கு. கதவைப் பூட்டிக்கொண்டு எங்கேயும் போய்விடாதே என்று சரோஜாவிடம் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறேன்.

வாசலில் நின்று இவரிடம் அந்த வார்த்தையைச் சொல்லிவிட்டுத்தான் படி இறங்கவேண்டும். முதலில் உன்னிடம் சொல்லிப் பழகிக்கொள்கிறேன்.

போயிட்டு வரேன், அக்கா.

உன்னோடு பிறந்து, உன்னைப் போலவே நடுங்கும்
தங்கை ராஜி