மேடையில் ஏறவிடவில்லை

அக்கா,

இன்று காலை என் மகளுக்குப் புது பூட்ஸ் கொடுத்தார்கள். முழங்கால்வரை கம்பி பிடித்த பூட்ஸ். தோலும் எண்ணெயும் கலந்த அந்த வாசனை ஜீப் முழுக்க நிற்கிறது. வழக்கம்போல உங்களுக்கு இடம் விட்டுத்தான் உட்கார்ந்தாள். நீங்கள் இறந்து ஒரு மழைக்காலம் போயும் அவளுக்கு அந்தப் பழக்கம் விடவில்லை.

வண்டன்மேட்டில் நீங்கள் தையல்கடை வைத்திருந்தீர்கள். இளம்பிள்ளைவாதம் வந்த கால்கள் உங்களுக்கும் என் மகளுக்கும் ஒன்றுபோலவே இருந்தன. ஏலத்தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயங்களில் அப்படிப் பிள்ளைகள் எத்தனையோ பேர். காலுக்குப் பயிற்சி கொடுக்கவும் பூட்ஸ் செய்யவும் மலைமேலேயே ஓர் இடம் வேண்டும், அதற்கு மாநில பட்ஜெட்டில் பணம் ஒதுக்கவேண்டும் என்று முதலில் சொன்னது நீங்கள்தான். "பிள்ளையத் தூக்கிட்டுக் கோட்டயம் ஆஸ்பத்திரிக்கு அலைய எந்தத் தாய்க்கு லீவு குடுக்கான் கங்காணி?" என்று கேட்டீர்கள்.

பட்ஜெட்டுக்கு முன்னால் இருவரும் திருவனந்தபுரம் போனோம். நம் எம்.எல்.ஏ.வின் அறை மாடியில். கக்கத்துக் கட்டைகளை என்னிடம் கொடுத்துவிட்டு, கையை ஊன்றி, படிப்படியாக உட்கார்ந்தே ஏறினீர்கள். அவர் உங்களை மேலும் கீழும் பார்த்தார்.

"நடக்க முடியாதவங்க இவ்வளவு தூரம் வந்துட்டீங்களே. அப்புறம் உங்களுக்கு என்ன குறை?"

மலையாளத்தை விட்டுத் தமிழில்தான் கேட்டார், நமக்கு நன்றாகப் புரியட்டும் என்று. அறையில் இருந்தவர்கள் சிரித்தார்கள்.

பட்ஜெட்டில் நமக்கு ஒன்றும் இல்லை. டீக்கடை ரேடியோவில் செய்தி முடிந்ததும், "தம்பி, எலெக்சன் வரட்டும்" என்றீர்கள்.

தேர்தல் தள்ளித் தள்ளிப் போனது. உங்கள் கோபம் ஆறவே இல்லை. ஒருவழியாக அறிவிப்பு வந்ததும் என் ஜீப்பில் லயம் லயமாகப் போனோம். வண்டியின் பின்பக்கத்தில் கால்களைத் தொங்கவிட்டு உட்கார்ந்து, அந்த எம்.எல்.ஏ. கேட்டதை அவர் குரலிலேயே சொல்லிக் காட்டுவீர்கள். பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு பெண்கள் அசையாமல் நின்று கேட்பார்கள்.

அவர் தோற்றார். அன்று அவர் வீட்டு வழியாக ஜீப்பை மெதுவாக ஓட்டச் சொன்னீர்கள். ஹாரன் அடிக்கட்டுமா என்றேன். "வேண்டாம். என்னைய அவன் பாத்தாப் போதும்." வராந்தாவில் நின்றவர் பார்த்தார், உள்ளே போய்விட்டார். மலை ஏறி முடிக்கும்வரை நீங்கள் சிரித்துக்கொண்டே வந்தீர்கள். அப்படி ஒரு சிரிப்பை உங்களிடம் நான் அதற்கு முன் கேட்டதில்லை.

புதிதாக வந்தவர் அடுத்த பட்ஜெட்டில் பணம் வாங்கித் தந்தார். கட்டடம் எழும்புவதற்குள் காய்ச்சல் உங்களைக் கொண்டுபோய்விட்டது. மண்சரிவில் பாதை அடைபட்டு, ஜீப்பை வைத்துக்கொண்டும் உங்களைக் கீழே இறக்க முடியாமல் நின்றேன். "திறப்புவிழாவுக்கு அவன் வருவான். மேடையில ஏறவிடாத" என்றீர்கள்.

வந்தார், அக்கா. இந்த யோசனையே தன்னுடையதுதான் என்று பக்கத்தில் வந்தவரிடம் சொல்லிக்கொண்டே வந்தார். மேடைப்படியை மறித்து நின்றேன்.

"இது அக்கா வாங்குன இடம். நீங்க ஏறக்கூடாது."

"யாருடா நீ?" என்றார்.

அதற்குள் லயத்துப் பெண்கள் என் இரண்டு பக்கமும் வந்து நின்றுவிட்டார்கள். அவர் சுற்றிலும் பார்த்தார். பிறகு காரை நோக்கித் திரும்பி நடந்தார்.

ஜெயித்தாயிற்றே, இனியாவது விட்டுவிடுங்கள் என்கிறாள் என் மனைவி. எனக்கு விட மனமில்லை. நீங்கள் எனக்கு விட்டுப்போனது அந்தக் கோபம் ஒன்றுதான், பத்திரமாக வைத்திருக்கிறேன். அடுத்த தேர்தலில் அவர் மறுபடியும் நிற்கப்போகிறாராம். நேற்றுதான் ஜீப்புக்குப் புது டயர் போட்டேன்.