பதினோராவது வரிசையில் ஒரு கண்ணி

மார்ச் 4

வாண்டுவுக்கு,

நான் நலம். நீயும் உன் வீட்டுக்காரரும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். பார்சல் ஜனவரி கடைசியிலேயே வந்து சேர்ந்துவிட்டது. அண்ணி ஒரு வரி எழுதவில்லையே என்று இந்நேரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பாய். எழுதாததற்குக் காரணம் இருந்தது.

அச்சகத்திலிருந்து நான் ஓய்வு பெற்றதற்காக நீ கையால் பின்னி அனுப்பிய பை நல்ல கனமாக, கெட்டியாக இருந்தது. அடர்நீலத்தில் கடுகு மஞ்சள் வைரங்கள். தோளில் மாட்டிக் கண்ணாடியில்கூடப் பார்த்துக்கொண்டேன். அப்போதுதான் கண்ணில் பட்டது. பதினோராவது வரிசையில் ஒரு கண்ணி குறைகிறது. அந்த ஒன்றினால் அதற்கு மேலே வருகிற வைரம் எல்லாம் ஒரு பக்கமாகச் சாய்ந்து, கடைசி வரிசைக்கு வரும்போது ஒரு வைரத்துக்கு மூக்கே இல்லை. முப்பத்தொரு வருஷம் அடுத்தவர்கள் எழுதியதில் பிழை பார்த்தே சம்பளம் வாங்கியவள் நான். எட்டு நாள் அந்தப் பக்கம் சுவரைப் பார்க்கும்படி மாட்டி வைத்துப் பார்த்தேன். முடியவில்லை. ஒன்பதாம் நாள் பிரித்துவிட்டேன்.

பயப்படாதே, நூலை வீணாக்கவில்லை. அதே நூல், அதே வைரம், உன்னுடையதைவிட ஒரு எண் சிறிய கொக்கி ஊசி. மூன்று வாரத்தில் மறுபடி பின்னி முடித்தேன். இப்போது யார் வேண்டுமானாலும் எண்ணிப் பார்க்கலாம், எல்லா வைரமும் ஒரே அளவு. புகைப்படம் வைத்திருக்கிறேன், பார்.

இன்னொன்று. நீலத்தில் பின்னும்போது மஞ்சளைக் கண்ணிகளுக்குள்ளேயே படுக்க வைத்துக் கூட்டிக்கொண்டு போவது சரிதான். அதனால்தான் பை கெட்டிப்படுகிறது. ஆனால் நீ மூன்றாவதாக ஒரு சாம்பல் நிறக் கம்பளி நூலையும் உள்ளே ஓட்டியிருந்தாய். பிசிறு பிசிறாக, அதில் எத்தனை முடிச்சு! பருமன் வரட்டும் என்று வீட்டில் கிடந்த கழிசலை எல்லாமா திணிப்பது? எடுத்துக் குப்பையில் போட்டேன். அது இல்லாமலே பை நன்றாக நிற்கிறது.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்புடன்,
அண்ணி

மார்ச் 9

அண்ணிக்கு,

உங்கள் கடிதத்தை வேலைக்குப் போகிற அவசரத்தில் பேருந்தில் நின்றபடி படித்தேன். பக்கத்தில் இருந்த அம்மாள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "என்னம்மா, வீட்ல யாருக்காவது ஏதாவது ஆயிடுச்சா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

முதலில் கேட்க வேண்டியதைக் கேட்டுவிடுகிறேன். அந்தச் சாம்பல் நூல் எங்கே? என்றைக்குப் போட்டீர்கள்? வீட்டுக்குள் இருக்கும் கூடையிலா, தெருமுனைத் தொட்டியிலா? இன்னும் கூடையிலேயே கிடக்கிறதென்றால் தொடாதீர்கள். நான் வந்து எடுத்துக்கொள்கிறேன்.

பரிசாக வந்ததைப் பிரித்து, திருத்தி, திருத்தியதைப் படமும் பிடித்து, பரிசு கொடுத்தவளுக்கே அனுப்பி வைக்கிற ஆளை நான் இந்த உலகத்தில் வேறெங்கும் பார்த்ததில்லை. நான் என்ன உங்களிடம் வீட்டுப்பாடமா கொடுத்தேன்? பேருந்து நிலையத்தில் தொலைந்த பொருள் மேசையில் உட்கார்ந்திருப்பவள் நான். வருஷத்துக்கு நானூறு பையாவது என் கைக்கு வருகிறது. எந்தத் துணி எங்கே கிழியும், எந்தக் கைப்பிடி எப்போது கழன்றுகொள்ளும் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. ஒருபோதும் கிழியாத ஒன்றை உங்களுக்குக் கொடுக்க வேண்டும் என்று நாலு மாதம் உட்கார்ந்து பின்னினேன்.

அது கழிசல் இல்லை அண்ணி. அண்ணனுடைய சாம்பல் ஸ்வெட்டர்.

இப்போது புரிகிறதா? அவன் போய் மூன்று வாரம்கூட ஆகவில்லை, அவனுடைய துணிமணியை எல்லாம் மூட்டை கட்டி, பழைய துணி எடுக்கும் வண்டிக்காக வாசலில் வைத்துவிட்டீர்கள். அன்றைக்கு நான் உங்களைப் பார்க்க வந்தேன். மூட்டை வாய் பிளந்து கிடந்தது. மேலாகவே அந்த ஸ்வெட்டர். நான் பின்னிக் கொடுத்தது, எட்டுக் குளிர்காலம் அவன் உடம்பில் கிடந்தது. எடுத்துக் கைப்பைக்குள் திணித்துக்கொண்டுதான் உள்ளே வந்து உங்களோடு டீ குடித்தேன். கேட்டிருந்தால் ஏதாவது சொல்லி என் வாயை அடைத்திருப்பீர்கள்.

ஒரு வருஷம் அலமாரியில் வைத்திருந்தேன். போட்டுக்கொள்ளவும் முடியவில்லை, பார்க்கவும் முடியவில்லை. அப்புறம்தான் பிரித்தேன். கழுத்துப் பட்டையில் யாரோ பழைய பனியன் துணியை வைத்துத் தைத்து அசிங்கம் பண்ணியிருந்தார்கள். அதை அறுத்தெறிந்துவிட்டு நூலை உருவி, துவைத்து, உங்கள் பைக்குள் ஓட்டினேன். உங்களுக்குத் தெரியாமலே அவன் உங்கள் தோளில் இருக்கட்டும் என்று நினைத்தேன். பதினோராவது வரிசை எனக்கும் தெரியும். அங்கேதான் கைப்பகுதி நூல் தீர்ந்து, உடம்புப் பகுதி நூலை இணைத்தேன். முடிச்சு ஒரு கண்ணியை விழுங்கிவிட்டது. அந்த முடிச்சை வெட்ட எனக்கு மனசு வரவில்லை.

அதைத்தான் பிழை என்று பிரித்துப் போட்டிருக்கிறீர்கள். வயிறு எரிகிறது எனக்கு.

இனி என்னை வாண்டு என்று எழுத வேண்டாம். அது அண்ணன் வைத்த பெயர்.

உங்கள் நாத்தனார்

மார்ச் 15

நாத்தனாருக்கு,

பெயர் வேண்டாம் என்றாய், போடவில்லை.

குப்பை வண்டி வந்து போய் ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. நூல் இல்லை. தேடிக்கொண்டு வர வேண்டாம்.

என் வாசலில், நான் கட்டிய மூட்டையிலிருந்து, எனக்குத் தெரியாமல் எடுத்ததற்குப் பெயர் திருட்டு. அதைக் கைப்பையில் ஒளித்துக்கொண்டு என் கையாலேயே டீ வாங்கிக் குடித்திருக்கிறாய். "சர்க்கரை கொஞ்சம் தூக்கலா இருக்கு அண்ணி" என்று குறை வேறு சொன்னாய். எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. எது இந்த வீட்டில் இருக்கக் கூடாது என்று நான் முடிவு பண்ணினேனோ, அதையே ஜோடித்து, மறைத்து, என் தோளில் ஏற்றப் பார்த்திருக்கிறாய். ஒரு வார்த்தை கேட்டாயா? என்ன ஏற்றினாலும் தெரியாமல் சுமப்பதற்கு நான் என்ன கழுதையா?

ஏன் போட்டேன் என்று நீ கேட்கவே இல்லை. கடைசி ஏழு மாதம் அவர் அதைக் கழற்றவிடவில்லை. மருந்து சிந்தியதும் அதில்தான், வாந்தி எடுத்ததும் அதில்தான். அவரைத் துடைத்துவிடும் நேரத்தில் உருவி, அலசி, ஹீட்டர் மேல் உலர்த்தி, "எங்க, எங்க" என்று அவர் கேட்கக் கேட்கத் திரும்ப மாட்டிவிட வேண்டும். வாரத்துக்கு மூன்று தடவை. நீ ஞாயிற்றுக்கிழமை ஆரஞ்சுப் பழத்தோடு வருவாய். துவைத்த ஸ்வெட்டரில் தலை வாரி உட்கார்ந்திருக்கும் அண்ணனைப் பார்ப்பாய். "நல்லாத்தானே இருக்கான் அண்ணி, நீங்கதான் சும்மா பயப்படுறீங்க" என்று சொல்லிவிட்டு ஐந்து மணி வண்டிக்குக் கிளம்பிவிடுவாய். அவர் போன பிறகு அந்த ஸ்வெட்டரைக் கண்டாலே எனக்கு அந்த வாசனை குப்பென்று அடித்தது. அதோடு ஒரே வீட்டில் இருக்க முடியவில்லை. போட்டேன். அதற்கு உன்னிடம் அனுமதி வாங்க வேண்டுமா?

இன்னொன்றும் இருக்கிறது. கடைசி வரை சொல்லக் கூடாது என்றுதான் இருந்தேன். அந்த ஸ்வெட்டர் அவரை அரித்தது. நீ வாங்கிய கம்பளி மட்டம். முதல் வருஷமே கழுத்தைச் சுற்றிச் சிவந்து தடித்துவிட்டது. கழற்றுங்கள் என்றால், "வாண்டு பின்னினது. தெரிஞ்சா மூஞ்சி சுருங்கிப்போயிடும், விடு" என்பார். அதனால்தான் அவருடைய பழைய பனியனைக் கிழித்து, வெளியே தெரியாதபடி கழுத்துப் பட்டைக்குள் வைத்துத் தைத்தேன். ஒவ்வொரு குளிர்காலமும் புதிதாகத் தைத்தேன். மொத்தம் எட்டுத் தடவை. நீ அசிங்கம் என்று அறுத்தெறிந்தது அதைத்தான்.

உன் வயிறு எரிந்தால் எரியட்டும்.

அண்ணி

மார்ச் 19

அண்ணி,

உங்கள் கடிதத்தை வேலை செய்யும் இடத்தில் பிரித்தது என் தப்பு. எதிரில் ஒருவர் நின்றுகொண்டு, "கறுப்புக் குடை மேடம், நேத்து விட்டுட்டேன்" என்கிறார். எனக்குப் பின்னால் அறுபது கறுப்புக் குடைகள். கண்ணீர் கொட்டக் கொட்ட ஒவ்வொன்றாக எடுத்து நீட்டுகிறேன். பாவம் மனுஷன், அது தன்னுடையது இல்லை என்று சொல்லவே பயந்து ஏதோ ஒன்றை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

நீங்கள் சொல்வது பொய் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுத முடியவில்லை. அவன் அப்படித்தான் சொல்லியிருப்பான். ஒவ்வொரு குளிருக்கும் கேட்பேன், "எப்படிண்ணா இருக்கு?" என்று. "அடுப்புக்குள்ள உக்காந்த மாதிரி இருக்கு" என்பான். நானும் பூரித்துப்போவேன். எட்டு வருஷம் இரண்டு பேரும் சேர்ந்து என்னை முட்டாளாக்கியிருக்கிறீர்கள். அவன் சொல்ல மாட்டான், சரி. நீங்கள் சொல்லியிருக்கலாமே? 'அரிக்குது, நல்ல நூலா வாங்கு' என்று ஒரு வரி. இன்னொன்று பின்னிக் கொடுத்திருக்க மாட்டேனா? சாகிற வரைக்கும் அவன் அரிப்போடே கிடக்க வேண்டுமா? ஊரார் எழுதிய பிழையை எல்லாம் ஓடி ஓடித் திருத்தினீர்களே, இந்த ஒன்றை ஏன் விட்டு வைத்தீர்கள்?

ஞாயிற்றுக்கிழமைகளைப் பற்றிப் பேச எனக்கு வாயில்லை. நான் பார்க்க விரும்பியதைத்தான் பார்த்தேன் போலிருக்கிறது. ஆனால் நான் கூடவே தங்குகிறேன் என்று இரண்டு தடவை சொன்னேன். "உனக்கு எதுக்குச் சிரமம்" என்று வண்டி ஏற்றிவிட்டது நீங்கள். எல்லாவற்றையும் நீங்களே இழுத்துப் போட்டுச் செய்ய வேண்டும், அப்புறம் அடுத்தவர் செய்யவில்லை என்று குத்திக்காட்ட வேண்டும். அண்ணன் இருந்த காலத்திலிருந்தே இப்படித்தான்.

அந்தப் பை உங்களுக்கு வேண்டாம். அதில் அவனும் இல்லை, நான் பின்னியதும் இல்லை. பிரித்து, நூலை மட்டும் எனக்கு அனுப்பிவிடுங்கள். அனுப்பிய பிறகு நமக்குள் எழுதிக்கொள்ள ஒன்றும் இருக்காது.

அவன் தங்கை

ஏப்ரல் 6

நூல் வரவில்லை. இரண்டரை வாரம் ஆகிறது. பின்ன மூன்று வாரம் எடுத்துக்கொண்டீர்கள், பிரிக்க ஒரு மணி நேரம் போதும். அதில் நீங்கள் கைதேர்ந்தவர். அனுப்புங்கள்.

ஏப்ரல் 11

நாத்தனாருக்கு,

நூலைத் தனிப் பார்சலில் அனுப்பிவிட்டேன். நீலம் நாலு உருண்டை, மஞ்சள் மூன்று. நீலம் கொஞ்சம் குறையும். ஏன் குறைகிறது என்று சொல்லத்தான் இந்தக் கடிதம், இல்லாவிட்டால் எழுதியிருக்க மாட்டேன்.

உன் கடிதம் வந்த அன்றைக்கே பிரிக்க உட்கார்ந்தேன். இருந்த கோபத்தில் கைப்பிடி, பக்கங்கள் எல்லாம் ஒரே மூச்சில் அவிழ்ந்து வந்துவிட்டன. அடிப்பாகத்துக்கு வந்தேன். முதல் தடவை நான் அடியைத் தொடவே இல்லை. அதில் பிழை எதுவும் இல்லாததால் அப்படியே வைத்துக்கொண்டு, அதன் மேலேதான் பின்னியிருந்தேன். இப்போது அதன் வெளிச்சுற்றை உருவினேன். நீலத்தோடு சாம்பல் வந்தது.

ஊசி முனையால் கண்ணிகளை விலக்கி விலக்கிப் பார்த்தேன். நடுவிலிருந்து ஓரம் வரை, இருபத்திரண்டு சுற்றிலும் உள்ளே ஓடுகிறது. உருவிய சுற்றைத் திரும்பவும் பின்னிவிட்டேன். உன்னை மாதிரித் தளர்வாகத்தான் பின்னினேன். இறுக்கினால் அந்த நூல் தாங்காது போலிருந்தது.

அதை அனுப்ப மாட்டேன்.

பாதியாவது கொடுங்கள் என்று கேட்பாய். வெட்டினால் மொத்தமும் அவிழ்ந்துவிடும், உனக்கே தெரியும். மூட்டை கட்டி வாசலில் வைத்தவளுக்கு இப்போது மட்டும் என்ன உரிமை என்றும் கேட்பாய். உரிமை ஒன்றும் கிடையாது. ஆனாலும் தர மாட்டேன். முகர்ந்து பார்த்தேன். மருந்து வாசனை இல்லை, வாந்தி வாசனை இல்லை, உன் வீட்டுச் சோப்பு வாசனைதான் அடிக்கிறது. அதற்கே அழுகை பொத்துக்கொண்டு வந்துவிட்டது. அவர் போன அன்றைக்குக்கூட வந்தவர்களுக்கு நாற்காலி எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தவள் நான். ஒரு தட்டளவு துண்டை வைத்துக்கொண்டு மூன்று வாரமாக அறை அறையாக அலைகிறேன். மேசையில் வைத்தால் டீ கொட்டிவிடுமோ என்று பயம். அலமாரியில் வைத்தால் அரை மணிக்கு ஒருதரம் கதவைத் திறந்து பார்க்க வேண்டியிருக்கிறது. பையாகவே இருந்து, எனக்கும் ஒன்றும் தெரியாமல் போயிருந்தால், வெங்காயத்தைப் போட்டுக்கொண்டு நிம்மதியாக நடமாடியிருப்பேன். நீ எனக்குச் செய்த உபகாரம் இதுதான்.

ஏன் விட்டு வைத்தீர்கள் என்று கேட்டிருந்தாய். முதல் வருஷமே உன்னிடம் நான் சொல்லியிருக்க வேண்டும். அவர் வேண்டாம் என்றார் என்பதெல்லாம் சாக்கு. நான் தைத்த துணி இருப்பதால்தான் நீ பின்னியதை அவரால் போட முடிகிறது என்பது எனக்குப் பிடித்திருந்தது. ஒவ்வொரு குளிருக்கும் பிடித்திருந்தது. போதுமா?

பார்க்க வேண்டுமென்றால் வா. ஞாயிற்றுக்கிழமை வந்து அன்றைக்கே ஓடுவதாக இருந்தால் வராதே. வேறு கிழமையில் வந்து இரண்டு நாள் இரு. மடியில் வைத்துக்கொள், முகர்ந்து பார், என்ன வேண்டுமானாலும் செய்துகொள். ஆனால் கிளம்பும்போது உன்னை வாசலில் நிறுத்தி, கைப்பையைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் அனுப்புவேன்.

அண்ணி