ஐந்தாவதாகப் போகாதவள்

அன்பு மகள் வேல்விழிக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் இரண்டு ஆடுகளும் சுகம், அங்கே கோழிக்கோட்டில் நீயும் உன் முழங்காலும் சுகமா. போனில் சொன்னால் பாதியில் வைத்துவிடுகிறாய், அதனால்தான் கடிதம். தீபாவளி லீவில் வந்து நம் பட்டாசுக் கம்பெனிப் பெண்களுக்கு நீ சொல்லிக்கொடுத்த கால்பந்து ஆட்டத்தை ஞாயிற்றுக்கிழமை சிவகாசி அச்சாபீஸ் பெண்களிடம் ஆடிப் பார்த்தார்கள். எதிராளியின் கோல் பக்கத்திலேயே போய் மொய்த்துப் பந்தைப் பிடுங்குவது நல்ல யோசனைதான். முதல் பாதியில் அவர்களுக்கு மூச்சுவிட நேரமில்லை, இரண்டு கோல் வாங்கினார்கள். இரண்டாம் பாதியில் நம்மவர்களுக்கு மூச்சே இல்லை. எல்லோரும் முன்னால் நிற்க, அவர்கள் பந்தைத் தலைக்கு மேலே தூக்கி அடித்துவிட்டு ஓடி வந்தார்கள், இங்கே பாதி மைதானத்துக்குக் கோல் காக்கும் சொர்ணலட்சுமி ஒருத்திதான் காவல். மூன்று கோல் விழுந்தது. எல்லாரும் எங்கன போயிட்டாக அண்ணாச்சி என்று அவள் என்னைக் கேட்டாள். நான் தண்ணீர்க் குடத்தை அவள் பக்கம் நீட்டினேன்.

வீடியோவைப் பார்த்துவிட்டு பொன்மணியைப் பயந்தாங்கொள்ளி என்று திட்டினாயாம். ஐந்து பேர் சூழ வேண்டிய இடத்தில் நாலு பேர் சேர்ந்ததும் அவள் நின்றுவிடுகிறாள், அந்தச் சந்தில்தான் பந்து வெளியே வருகிறது என்றாயாம். சந்து இருந்தது உண்மை, நானும் பார்த்தேன். கம்பெனியில் வெடிமருந்து கலக்கும் அறையில் நாலு பேருக்கு மேல் இருக்கக்கூடாது என்பது உனக்குத் தெரியும், நம் பெண்கள் எல்லோருக்குமே ஐந்தாவதாகப் போகக் கால் தயங்கும், அவளுக்குக் கொஞ்சம் அதிகம். நேற்று நான் ஓட்டும் வேனில் வரும்போது இனி ஆட்டத்துக்கு வரவில்லை என்றாள். ஏன் என்று கேட்டதற்குத்தான் சொன்னாள். உன் அம்மா போன அன்றைக்கு, அந்த அறைக்குள் ஐந்தாவதாக வந்தது இவள்தானாம். நாலு பேர் இருக்கோம், வெளிய போ புள்ள என்று உன் அம்மா விரட்டினாளாம். இவள் வேப்பமரத்தடி வரைதான் போயிருந்தாளாம், அதற்குள் அறை வெடித்துவிட்டது. இத்தனை வருஷம் நம்மிடம் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

முழங்காலுக்கு எண்ணெய் தேய், வெறும் பரோட்டாவாகத் தின்னாதே. குலசாமி உன்னைக் கைவிடாது, நீ நன்றாக இருப்பாய். பொன்மணிக்கு இன்றைக்கே போன் போடு. அடுத்த ஆட்டத்தில் அவளைச் சொர்ணலட்சுமிக்குத் துணையாகப் பின்னால் நிறுத்து, பந்தைப் பிடுங்க நாலு பேர் போதும். அவள் பேசினால் அம்மாவைப் பற்றித்தான் பேசுவாள். பாதியில் வைத்துவிடாதே.

உன் அப்பா,
இருளாண்டி
எம். புதுப்பட்டி