எல்லாரும் போயிட்டாங்க

நாள் 212. நிலவுக் குடியிருப்பு, செய்தி அறை. 10:05
இன்றைய செய்தி: கீரைக் கூடத்தில் முளைக்கீரை அறுவடை, இரண்டாம் குளியலறையில் தண்ணீர் இல்லை. இங்கே ஒரே நிருபர் நான், சகாயம். சாவகாசமாக டீ குடித்தேன்.

10:52
விண்கல் விழுந்தது. மூன்றாம் சுரங்கத்தின் வாசல் இடிந்துவிட்டது. உள்ளே பத்தொன்பது பேர். காற்றுத் தொட்டி ஒன்று உடைந்துபோனது, சுரங்கத்துக் கருவிகள் எதுவும் பேசவில்லை. மிச்சமிருக்கும் காற்று எல்லோருக்கும் போதாது என்கிறது கட்டுப்பாட்டு அறை. உள்ளே யாரும் உயிரோடு இல்லையென்றால் சுரங்கத்துக்குப் போகும் காற்றுக் குழாயை மூடிவிடுவார்களாம்.

11:10
எங்கள் எல்லோர் போனிலும் இருக்கும் பாழாய்ப்போன 'ஊர்ச்சுவர்' செயலியில் ஒரு குரல் பதிவு. சுரங்கத்தில் பம்ப் ஓட்டும் அங்கம்மாளுடையது: "எல்லாரும் போயிட்டாங்க. நானும் போறேன்."
அவ்வளவுதான். கீழே ஒருவர் எழுதியிருந்தார்: "போயிட்டு வரேன்னு சொல்லலையே, போறேன்னுல்ல சொல்றா! ஐயோ!" எட்டு நிமிடத்தில் ஊரே அழுதது.

11:19
ஆசிரியர் கமலக்கண்ணன் லைனில் வந்தார்: "ஊரே போட்டாச்சு சகாயம். நாம என்ன பூப்பறிச்சிட்டு இருக்கோம்? போடுய்யா!"
போட்டேன். 'பத்தொன்பது பேரும் பலி. உறுதி.' அங்கம்மாள் எண் என்னிடம் இருந்தது. செத்தவளுக்கு எதற்குப் போன் என்று நினைத்தேன்.

12:38
அங்கம்மாளே கூப்பிட்டாள். அப்படியே எழுதுகிறேன்: "அண்ணே, யாரு செத்தா? எல்லாரும் உள்ளறைக்குப் போயிட்டாங்க, நானும் போறேன்னுதானே சொன்னேன்! பத்தொன்பது பேரும் உசுரோட இருக்கோம்ணே. காத்துக் குழாய மூடிராதீங்க. சார்ஜ் தீரப்போவு..."
திரும்பக் கூப்பிட்டேன். போகவில்லை.

12:43
திருத்தம் போட்டேன். போனில் பதிவான அவள் குரலையும் சேர்த்துப் போட்டேன். வந்த பதில்: "பொணத்த வச்சுக் கூட்டம் சேக்குறியா?" காலையிலிருந்து விளையாட்டுக்கென்று அங்கம்மாள் பேசுவதுபோல நாற்பது பொய்க் குரல்கள் செய்து விட்டிருக்கிறார்கள், நாசமாய்ப் போகிறவர்கள். என்னுடையது நாற்பத்தொன்றாவதாம். செயலியே அதன் மேல் 'நம்பத்தகாதது' என்று முத்திரை குத்திவிட்டது.

12:49
கட்டுப்பாட்டு அறைத் தலைவி திலகவதி: "ஒரு மணிக்குக் குழாய மூடறோம். இந்தப் பக்கம் அறுநூறு பேர் இருக்காங்க சார். சுரங்கத்துல இருக்கவங்க செத்துட்டாங்கன்னு உறுதியா போட்டது நீங்கதானே? அத வச்சுத்தான் கையெழுத்தே போட்டேன். இப்ப வந்து ஒரு குரலக் காட்டுறீங்க. எத நம்புறது?"
நான்தான் தப்பு, நான் விசாரிக்கவே இல்லை என்று கத்தினேன். லைனைத் துண்டித்துவிட்டார்.

12:57
கட்டுப்பாட்டு அறை வாசலில் நிற்கிறேன். உள்ளே பூட்டியிருக்கிறது. தட்டித் தட்டிக் கை வீங்கிவிட்டது. திறங்கம்மா. மூன்று நிமிடம்தான் இருக்கிறது. வழியில் போகிறவர்கள் என்னைப் படம் பிடிக்கிறார்கள்

13:00
மூடிவிட்டார்கள்.

13:20
அங்கம்மா எடும்மா

13:45
எடு

17:30
கமலக்கண்ணன் அனுப்பிய செய்தி: "சகாயம், சுரங்கத்தத் தோண்டிப் பாத்துட்டாங்க. பத்தொன்பது பேரும் உள்ளறையில கெடக்காங்க. நம்ம நியூஸ் கரெக்டுதான்யா, முதல்ல போட்டதும் நாமதான். அந்தத் திருத்தத்தத் தூக்கிடு."