அருவிக்குள் போன கையெழுத்து

20-7-1937, செவ்வாய்.

என் படங்களை விற்றுத்தரும் அண்ணாச்சியின் தென்காசிக் கடைக்கு இன்று போனேன். கோடையில் பத்து நாள் வெயிலில் நின்று நான் வரைந்த குற்றாலம் வாசலில் தொங்கியது. நான் வரைந்தது சொட்டுத் தண்ணீர் இல்லாத வெறும் பாறை. இப்போது அதில் அருவி கொட்டுகிறது! கடைப் பலகை எழுதுகிறவனை வைத்து வெள்ளையடித்திருக்கிறார்.

"தண்ணியில்லாத குத்தாலத்த எவம்வே வாங்குவான்? சீசனுக்கு வந்தவுக அருவியத்தான் கேக்காவ" என்றார்.

அடியில் இருந்த என் கையெழுத்தும் வெள்ளைக்குள் போய்விட்டது. கத்தினேன். அவர் சிரித்துக்கொண்டே தூரிகையை நீட்டினார்.

"கோவப்படாதயும். ஒரு ஓரமா பேரப் போடும். பேரில்லாட்டா வெல போகாதுல்லா?"

வாங்கினேன். தண்ணீர் விழாத இடமாகப் பார்த்து, நன்றாகத் தெரியும்படி போட்டேன்.