முருகனுக்குக் கொடுக்காத முடி

தண்டையார்பேட்டை,
ஞாயிறு மாலை.

அன்பு மகன் சுடலைமணிக்கு அம்மா எழுதுவது. கடல் தாண்டிக் கால்கரியில் நீ சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே அப்பாவும் உன் தங்கை சிவந்தியும் சுகம், கடையும் சுகம், என் சுகத்தைப் பற்றித்தான் இந்தக் கடிதம். போனில் சொன்னால் நீ "சரிம்மா, சரிம்மா" என்று பாதியில் முடித்துவிடுகிறாய், காகிதத்தில் குறுக்கே பேச முடியாது.

மார்பில் வந்த கட்டி புற்றுநோய் என்பது உனக்குத் தெரியும். கீமோ என்றால் என்ன என்று நீ ஒரு நாளும் கேட்கவில்லை, ஆகவே நானே சொல்கிறேன். உடம்பில் வேகமாகப் பெருகுகிற உயிரணுக்களைக் கொல்லும் மருந்தை நரம்பு வழியாக ஏற்றுகிறார்கள். அந்த மருந்துக்கு நல்லது கெட்டது தெரியாது, எது வேகமாகப் பெருகுகிறதோ அதை அடிக்கும், அதனால்தான் முடியின் வேரும் வாயின் உட்தோலும் ரத்த அணுக்களும் சேர்ந்து அடி வாங்குகின்றன. மோர்ச்சோறுகூட நாக்கில் நெருப்பாக இறங்குகிறது. மூன்று வாரம் இடைவெளி விடுவது நல்ல அணுக்கள் எழுந்து உட்காருவதற்கு. அதற்கு மேல் விட்டால் கெட்டதும் எழுந்து உட்கார்ந்துவிடும். மணலி ஆலைப் புகைக் காற்றை இத்தனை வருஷம் இலவசமாகச் சுவாசித்தபோது ஒருவரும் தடுக்கவில்லை, இந்த மருந்தை மட்டும் "விஷமாச்சே" என்று சொல்லாத உறவினர் இல்லை.

முடி கொத்துக் கொத்தாகக் கையோடு வந்ததும் மொட்டையடித்துக்கொண்டேன். அன்றைக்கே உன் அப்பா தெரு முழுக்கத் திருச்செந்தூர் வேண்டுதல் என்று சொல்லிவிட்டார். சிவந்திக்கு மாப்பிள்ளை பார்க்கிற நேரத்தில் வீட்டில் புற்றுநோய் இருக்கக் கூடாதாம், பக்தி இருக்கலாமாம். எதிர்வீட்டு மலிகா ஓடி வந்து, "இன்னாக்கா, பொண்ணுக்கோசரம் முடியவே குட்துட்டியா, முருகன் உன்ன கைவுட மாட்டாருக்கா" என்று கண் கலங்கினாள். எம்.கே.பி. நகரிலிருந்து பெண் பார்க்க வந்த மாப்பிள்ளையின் அம்மா என் தலையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "இப்படி ஒரு வீட்ல பொண்ணெடுக்கக் குடுத்து வச்சிருக்கணும்" என்றார்கள். நான் கோயிலுக்குப் போயே வருஷக்கணக்காகிறது. ஆஸ்பத்திரிக்குப் போய்வந்ததிலேயே இவ்வளவு பக்தி வந்து சேர்ந்துவிட்டது.

அவர்கள் நிச்சயதார்த்தத்துக்குக் குறித்த நாள் என் நான்காவது கீமோவுக்கு மறுநாள். சபையில் நான் வாந்தி எடுத்தால் அதையும் வேண்டுதல் என்று சொல்ல முடியாதே, ஆகவே கீமோவைத் தள்ளிப்போடு என்றார் அப்பா. நீயும் போனில், "ஒரே ஒரு தடவதானம்மா, நிச்சயம் முடியட்டும்" என்றாய். டாக்டரம்மாவிடம் கேட்டேன். ரத்த அணுக்கள் குறைந்தாலோ காய்ச்சல் இருந்தாலோ அவர்களே தள்ளிவைப்பார்களாம், சம்பந்தி வீட்டார் வருகிறார்கள் என்று தள்ளிவைக்க மருத்துவத்தில் வழியில்லையாம்.

மாப்பிள்ளையின் அம்மாவுக்கு நானே போன் செய்து, இது வேண்டுதல் இல்லை, புற்றுநோய், சிகிச்சை நடக்கிறது, நிச்சயதார்த்த நாளை மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்டேன். "பொண்ணுக்கும் வருமா?" என்று மட்டும் கேட்டார்கள். பெரும்பாலும் பரம்பரையாக வருவதில்லை என்று டாக்டரம்மா சொன்னதைச் சொன்னேன். மறுநாள் தரகர் வந்து நட்சத்திரம் பொருந்தவில்லை என்றார். போன மாதம் அதே நட்சத்திரங்கள் பத்துக்குப் பத்து பொருந்தியிருந்தன. இடையில் வானத்தில் என்ன நடந்தது என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

அப்பா என்னோடு பேசுவதில்லை. "நல்ல சம்பந்தம் போச்சேம்மா" என்று நீ செய்தி அனுப்பியிருக்கிறாய், அதில் என் உடம்பைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. சிவந்திக்கு அந்தப் பையனைப் பிடித்திருந்தது, அழுதாள், அதை மறைக்க மாட்டேன். "எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டியா?" என்று என் மேலும் கோபம்தான். ஆனால் அப்பா என்னைக் குறை சொல்ல வாயெடுத்தபோது, "அம்மா செத்தபிறகு நான் எந்த மண்டபத்துலப்பா மாலயப் போட்டுட்டு நிக்கணும்?" என்று கேட்டாள். அவர் செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் கடைக்குப் போய்விட்டார். அவள் வியாழக்கிழமைக்கு ஆபீஸில் லீவு சொல்லிவிட்டாள்.

வியாழக்கிழமை காலை நான்காவது கீமோ. சிவந்தியின் கல்யாணத்தை முடித்துவிட வேண்டும் என்பது உங்கள் அவசரம். அதை முன்வரிசையில் உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்பது என் ஆசை. இரண்டும் ஒன்றுதான் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன் அய்யா.

குளிரில் காதை மூடிக்கொண்டு போ, நேரத்துக்குச் சாப்பிடு. நோய்நொடி இல்லாமல் நீண்ட ஆயுளோடு நீ நன்றாக இருக்க வேண்டும். வியாழக்கிழமை நீ கூப்பிட்டால் சிவந்திதான் எடுப்பாள், அவளிடம் சம்பந்தத்தைப் பற்றிப் பேசாதே, அம்மா எப்படி இருக்கிறாள் என்று கேள்.

உன் அம்மா,
ஆவுடையம்மாள்